பத்து நாளில் மாறும் என்று கற்றவர்: சொரியாசிஸ் சிகிச்சையும் எதிர்பார்ப்பும் – ஒரு நிகழ்வு ஆய்வு

தோலில் செதில் படிந்த தடிப்புகள் எழும் சொரியாசிஸ் நோயில் சிகிச்சை தோற்கும்போது மருத்துவர்களாகிய நாங்கள் மருந்தைக் குறை சொல்வோம். மருந்தில் குறை இல்லையென்றால் நோயாளியைச் சொல்வோம். 'ஒழுங்காக வருவதில்லை, இடையில் விட்டுவிடுகிறார்' என்ற வரியைக் கிளினிக் கொப்பிகளில் வெவ்வேறு கையெழுத்துகளில் பார்க்கலாம். இந்த நிகழ்வில் வரும் மனிதரின் கொப்பியிலும் அது இருந்தது. உண்மையில் அவர் பாடம் கேட்காதவர் அல்லர். எங்களிடம் வருவதற்கு முன்பே வேறொரு மருந்து அவருக்குப் பாடம் நடத்தி முடித்திருந்தது. அந்தப் பாடம் என்னவென்று கேட்டறியாமல் நாங்கள் புதிய பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

நோயாளியின் சம்மதத்துடன் இது எழுதப்படுகிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி

வயது 44. மேசன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்கு அப்பால் ஒரு கிராமம். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியிருந்தது. கிளினிக் நாளில் காலையிலேயே மண்டூர்த் துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பிரதான வீதிக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். அன்றைய கூலி போய்விடும். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும்போது ஒரு நாள் நின்றால் அடுத்த நாளுக்கு வேறொருவரைப் பிடித்துவிடுவார்கள். சிகிச்சைத் திட்டம் எதுவானாலும் இந்தக் கணக்கில் நின்று பிடிக்க வேண்டும் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் தலையில் பொடுகுபோலத் தொடங்கியது. பிறகு முழங்கைகள், முழங்கால்கள், இடுப்பின் பின்புறம். முதலில் படர்தாமரை என்று நினைத்துப் பூஞ்சைக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். அது பலிக்கவில்லை. பின்னர் மருந்துச்சீட்டு இல்லாமலே கடையில் வாங்கிய கலவைக் களிம்பு: வீரியமான ஸ்டீரொயிட், பூஞ்சை மருந்து, கிருமிகொல்லி மூன்றும் ஒரே குழாயில். பூசினால் அடங்கும், விட்டால் எழும். இடைக்கிடை பரியாரியாரின் எண்ணெய், பெயரில்லாத பொட்டலத்தில் ஒரு தூள், நீண்ட பத்தியம்.

நாலாவது வருடத்தில் தனியார் இடம் ஒன்றில் 'சின்ன வெள்ளைக் குளிசை' கிடைத்தது. நாளுக்கு ஆறு. பத்தாம் நாள் முதுகில் ஒரு பொருக்குக்கூட இல்லை. தலை சுத்தம். அந்தப் பத்து நாட்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவருடைய குரல் மாறுகிறது. குளிசை முடிந்து மூன்றாம் கிழமையில் முன்பு இல்லாத இடங்களிலும் சிவந்து, சீழ்ப்புள்ளிகளுடன் கிளம்பியது. காய்ச்சலும் நடுக்கமுமாக வார்டில் அனுமதிக்கப்பட்டார். வெறும் அட்டையை அவர் எறியாமல் வைத்திருந்தார்: பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம், அதாவது ஸ்டீரொயிட் குளிசை.

வாயால் எடுக்கும் ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்தினால் சொரியாசிஸ் முன்னைவிட மோசமாகத் திரும்பக்கூடும், சீழ்க்கொப்புள வகையாகவோ உடல் முழுவதும் சிவந்து உரியும் வகையாகவோ மாறக்கூடும் என்பது எங்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி. அவர் அதே நிகழ்வை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தார். "மருந்து முடிந்ததால்தான் திரும்ப வந்தது, டொக்டர். இன்னும் பத்து நாள் தந்திருந்தால் அடியோடு மாறியிருக்கும்." கண்ணால் கண்டதை வைத்துப் பார்த்தால் இந்த முடிவில் ஒரு பிழையும் இல்லை. நல்ல மருந்து என்றால் பத்து நாளில் வேலை செய்யும். செய்யாதது நல்ல மருந்தல்ல. எங்கள் கிளினிக்கில் முன்பு கொடுத்த தார்க் களிம்பையும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் களிம்பையும் அவர் இந்த அளவுகோலால்தான் அளந்தார். இரண்டும் தோற்றன. அவர் வருவதை நிறுத்தினார். கொப்பியில் அந்த வரி ஏறியது.

காவடி

இரண்டு வருடங்களுக்கு முன், வருத்தம் மாறினால் என்று கூடச் சொல்லாமல், மாறுவதற்காகவே முள்ளுக்காவடி எடுத்தார். முதுகில் இரண்டு வரிசையாகக் கொக்கிகள். இரண்டு கிழமை கழிந்ததும் கொக்கி ஏறிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு புதிய தடிப்பு எழும்பியது. ஊரில் இதற்கு ஒரு விளக்கம்தான் இருந்தது: முருகன் நேர்த்தியை ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் கோயிலுக்குப் போகவில்லை. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டி நிற்கும் இடத்தில் அவர் மட்டும் சட்டையோடு நிற்க முடியாது, கழற்றவும் முடியாது.

தோல் காயப்படும் இடத்தில் சொரியாசிஸ் புதிதாக எழுவதை ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் கோப்னர் 1870களில் விபரித்தார். பொதுவாகக் காயம் பட்டுப் பத்து முதல் இருபது நாட்களுக்குள் தோன்றும். சொறிந்த கோடு, பச்சை குத்திய இடம், சத்திரசிகிச்சைத் தழும்பு என்று எதிலும் வரும். கொக்கி ஏறிய இடங்களில் வராவிட்டால்தான் ஆச்சரியம். இதை அவரிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அவருடைய முழங்காலைக் காட்டினோம்: தரையில் மண்டியிட்டுச் சீமெந்து பூசும் மேசனுக்கு நோய் எங்கே தடித்து நிற்கிறது? வலது கை, சீமெந்துப் பூச்சைத் தேய்க்கும் மணியாசுப் பலகை பிடிக்கும் கை; தடிப்பும் அந்த உள்ளங்கையின் விளிம்பில்தான். அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ சாமியில் கோபம் இல்லையா?" என்று மனைவிதான் கேட்டார். தோலின் குணம் அது, கோபம் அல்ல என்றோம். அன்றைக்கு எழுதிக்கொடுத்த எந்த மருந்தையும்விட இந்தப் பதில் அந்தக் குடும்பத்துக்கு வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

பரிசோதனை

தலை, முழங்கை, முழங்கால், கெண்டைக்கால், இடுப்பு, முதுகு, மார்பு, வலது உள்ளங்கை விளிம்பு ஆகிய இடங்களில் தெளிவான விளிம்புள்ள, வெள்ளிச் செதில் படிந்த தடிப்புகள். முதுகில் கொக்கி வரிசை இன்னும் தெரிந்தது. நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்த்து உடற்பரப்பில் ஏறத்தாழ ஒரு வீதம் என்ற கணக்கில் பாதிப்பு 18 வீதம். சொரியாசிஸின் பரப்பையும் கடுமையையும் சேர்த்து அளக்கும், 0 முதல் 72 வரை செல்லும் பாசி (PASI) அளவீட்டில் 15.2. ஆறு கைநகங்களில் குழிகள். வலது மோதிர விரலின் நுனி மூட்டில் வீக்கமும் காலை விறைப்பும். அதைச் சுத்தியலின் குற்றம் என்று ஒதுக்கியிருந்தார். எடை 84 கிலோ. இரத்த அழுத்தம் 146/94.

நோயை உறுதிசெய்யத் தோல்துண்டுப் பரிசோதனை தேவைப்படவில்லை. ஆனால் ஒன்றை அவருடைய மனைவியும் மைத்துனரும் பார்க்கும்படியே செய்தோம்: பஞ்சு நுனியால் ஒவ்வொரு தடிப்பையும் தொட்டு, கண்ணை மூடியபடி அவரைச் சொல்லச் சொன்னோம். எல்லா இடத்திலும் உணர்ச்சி இருந்தது. தொழுநோயில் போல உணர்ச்சி குன்றவில்லை, முழங்கை நரம்பும் தடிக்கவில்லை. வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருக்கும் மாவட்டம் இது; இன்றும் புதிய தொழுநோயாளர்கள் கண்டறியப்படும் மாவட்டம். ஆகவே தோலில் தடிப்பைக் கண்டதும் ஊருக்கு முதலில் வரும் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் அவருக்குக் கோப்பை தனியாக இருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் 'தகப்பனுக்கு என்ன?' என்று தரகரிடம் விசாரித்திருந்தார்கள்.

இது தொழுநோய் அல்ல, எந்த வகையிலும் தொற்றாது என்று விளக்கினோம். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ எடுத்தால் குணமாகிவிடும் என்பதையும் சொன்னோம். சொரியாசிஸ் அப்படி முடிகிற நோயா என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ அதுவே வந்திருக்கலாமே" என்றார். மைத்துனர் அவரை அதட்டினார். எனக்கு அது சரியான கேள்வியாகவே பட்டது.

எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டது

புதிதாகச் சேர்பவர்களிடம் வாழ்க்கைத் தரம் பற்றிய பத்துக் கேள்விகளைக் கேட்பது வழக்கம். கார்டிஃபில் பின்லேயும் கானும் 1994இல் வெளியிட்ட அளவீடு. கூட்டுத்தொகை 0 முதல் 30 வரை, பத்துக்கு மேல் போனாலே பாதிப்பு மிகப் பெரிது என்று பொருள். அவருக்கு முதலில் 11தான் வந்தது. சமூக வாழ்வு, பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு 'பொருந்தாது' என்றார். பொருந்தாததற்குப் புள்ளி பூச்சியம். ஏன் பொருந்தாது? எங்கும் போவதில்லை, ஆகவே தொல்லை இல்லை! நோய் ஒருவரை வீட்டுக்குள் அடைத்துவிட்டால் இந்த அளவீட்டில் புள்ளி குறையும். தாதி உத்தியோகத்தர் அதைக் கவனித்து, "அண்ணன், வருத்தம் இல்லையென்றால் போவீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். விடைகள் மாறின. கூட்டுத்தொகை 19. பத்துக் கேள்விகளில் வழிபாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் அதைப் பதினொன்றாவதாக வாய்வழி கேட்பது நல்லது.

அடுத்த கேள்விதான் இந்த நிகழ்வின் திருப்பம். "இந்தச் சிகிச்சையால் உங்களுக்கு என்ன நடக்க வேண்டும்?" முழுதாக மாற வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது: ஆவணியில் ஊர்க் கோயிலில் கொடி ஏறும், வெறும் மேலோடு வீதி சுற்ற வேண்டும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? "பத்து நாள். கூடினால் ஒரு மாதம்."

அப்போது சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு கிழமை. திருவிழாவுக்கு ஏறத்தாழ பதினாறு கிழமை இருந்தது. நோய் எதிர்ப்புத் தொகுதியை அடக்கும் மெதொட்ரெக்ஸேட் குளிசையின் பலனை ஆய்வுகள் அளப்பதும் பெரும்பாலும் அதே பதினாறாம் கிழமையில்தான். அவருடைய நாட்காட்டியும் மருந்தின் நாட்காட்டியும் இப்படிப் பொருந்தியது அதிர்ஷ்டம். எல்லோருக்கும் பொருந்தாது.

2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் பற்றி நிறைவேற்றிய தீர்மானமே இதை முற்றாகக் குணமாக்கும் வழி இல்லாத நாட்பட்ட நோய் என்று ஏற்கிறது. இந்த உண்மையை எங்களில் பலர் முதல் நாளிலேயே முகத்தில் அடித்ததுபோலச் சொல்லிவிடுகிறோம். வேறு சிலர் சொல்வதே இல்லை. இரண்டு வழியிலும் நோயாளி பார்மசிக்குத்தான் போகிறார். நாங்கள் இம்முறை வரிசையை மாற்றினோம். முதலில் அவருடைய ஆவணி. அதற்கு என்ன செய்யலாம், எவ்வளவு வாய்ப்பு உண்டு. அதன் பிறகே நோயின் ஆயுள்.

களிம்புக் கணக்கு

'களிம்பு கேட்கவில்லை' என்ற அவருடைய முறைப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுட்டுவிரலின் நுனிக் கணு அளவு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். அவருக்கு 18 உள்ளங்கை பாதிப்பு. ஒரு தடவைக்கு ஒன்பது நுனிக் கணு, அதாவது நாலரைக் கிராம். நாளுக்கு இரு தடவை என்றால் ஒன்பது கிராம். அவருக்கு ஒரு மாதத்துக்கென்று கொடுக்கப்பட்டது 15 கிராம் குழாய் ஒன்று. இரண்டு நாளுக்கும் காணாது. அதைச் சிக்கனமாக ஒரு மாதம் பூசியிருக்கிறார்; கேட்காதது களிம்பின் குற்றமுமல்ல, அவருடைய குற்றமுமல்ல. தேவையான அளவைக் கொடுக்கலாமே என்றால் கிழமைக்கு 63 கிராம் ஆகிறது. குளோபெட்டசோல் போன்ற அதிவீரியக் களிம்பைக் கிழமைக்கு 50 கிராமுக்கு மேல் பூசக்கூடாது. ஆகவே இவ்வளவு பரப்புக்குக் களிம்பு மட்டும் போதாது என்பது கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துவிடுகிறது. மேசனுக்குச் சதுர அடிக்கு எவ்வளவு சீமெந்து என்பது தெரியாதா? இந்தக் கணக்கை அவர் எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

311 நானோமீற்றர் புற ஊதா ஒளிச்சிகிச்சை நல்ல தெரிவுதான். ஆனால் கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை, மாதக்கணக்கில் வர வேண்டும். பாதையும் பஸ்ஸும் கூலியும் அதை அனுமதிக்கவில்லை. நோய் எதிர்ப்புத் தொகுதியின் குறிப்பிட்ட புரதங்களைத் தடுக்கும் உயிரியல் ஊசிகளின் விலையைச் சொல்லி அவரை மலைக்க வைப்பதில் பயனில்லை. விரல் மூட்டையும் சேர்த்துப் பார்த்தால் மெதொட்ரெக்ஸேட் பொருத்தமாக இருந்தது. குருதி எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகச் சோதனைகள், மஞ்சட்காமாலை பி, சி வைரஸ் சோதனைகள், நெஞ்சுப் படம் எல்லாம் தடையில்லை. ஸ்கானில் ஈரலில் சிறிதளவு கொழுப்பு.

வாய்ப்பை எப்படிச் சொல்வது

2008இல் வெளியான சாம்பியன் ஆய்வில் பதினாறாம் கிழமையில் பாசி அளவு நான்கில் மூன்று பங்கு குறைந்தவர்கள் மெதொட்ரெக்ஸேட் பிரிவில் 35.5 வீதம், அடலிமுமாப் என்ற உயிரியல் ஊசிப் பிரிவில் 79.6 வீதம், வெற்று மருந்துப் பிரிவில் 18.9 வீதம். வீதங்களை அவரிடம் சொல்லவில்லை. "பத்துப் பேர் இந்தக் குளிசையை எடுத்தால் மூன்று, நாலு பேருக்கு நான்கு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். இன்னும் சிலருக்குப் பாதியாகும். சிலருக்குக் கேட்காது." உடனே கேட்டார்: "கேட்காதவர்களை என்ன செய்வீர்கள்?" அளவைக் கூட்டுவோம், மருந்தை மாற்றுவோம், கைவிட மாட்டோம் என்றோம். பத்தில் பத்து என்று சொன்ன இடங்களில்தான் அவர் இதுவரை ஏமாந்திருந்தார். மூன்று, நாலு என்பது அவருக்கு நம்பகமாகப் பட்டது போலும்.

ஏன் இவ்வளவு காலம் என்பதற்கும் விளக்கம் வேண்டும். ஆரோக்கியமான தோலில் அடியில் பிறக்கும் கலம் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம். சொரியாசிஸ் தடிப்பில் நாலைந்து நாள். நோய் எதிர்ப்புத் தொகுதி தவறாக ஆணையிட, கலங்கள் பக்குவப்படாமல் அவசரமாக மேலே வந்து குவிகின்றன. இதைச் சொன்னதும் அவரே உவமை தந்தார். "கொங்கிறீட் போட்டு இருபத்தெட்டு நாள் தண்ணீர் காட்டாமல் நாலாம் நாள் பலகையைக் கழற்றின மாதிரி." இதைவிட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை. வெள்ளைக் குளிசை செய்தது என்ன என்பதற்கும் அதிலிருந்தே பதில் கிடைத்தது: பலகையை இறுக்கிக் கட்டி வெடிப்பை மறைத்தது, கழற்றியதும் இடிந்தது.

புதன்கிழமை

மெதொட்ரெக்ஸேட்டில் உயிர் போகும் பிழை ஒன்று உண்டு. கிழமைக்கு ஒரு நாள் எடுக்க வேண்டியதை நாள்தோறும் எடுப்பது. எலும்பு மச்சை செயலிழந்து, வாய் புண்ணாகி, கிருமித்தொற்றில் மரணம் நேர்ந்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பரீட்சார்த்தமாக முதற்கிழமை 5 மில்லிகிராம் கொடுத்து, குருதி எண்ணிக்கை பார்த்து, பின்னர் 10 மில்லிகிராம் எழுதினோம். அதாவது இரண்டரை மில்லிகிராம் குளிசை நான்கு, ஒரே நாளில். எந்த நாள் என்று அவரையே தெரிவு செய்யச் சொன்னோம். புதன் என்றார். சனிக்கிழமை போலிக் அமில விற்றமின் குளிசை.

விளக்கி முடித்ததும் தாதி உத்தியோகத்தர், "அண்ணன், இப்போது நீங்கள் எனக்குச் சொல்லித் தாருங்கள்" என்றார். அவர் சொன்னார்: "புதன் ஒன்று, வியாழன் ஒன்று, வெள்ளி ஒன்று, சனி ஒன்று. நாலையும் ஒன்றாகப் போட்டால் வயிறு எரியும், மிஸ்ஸி. பிரித்துப் போட்டால் உடம்புக்கு நல்லது." முகத்தில் முழுத் தெளிவு. தலையாட்டல்களை நம்பி அனுப்பியிருந்தால் வீட்டுக்குப் போய் இதைத்தான் செய்திருப்பார், அதுவும் நல்லெண்ணத்தோடு. திரும்பச் சொல்லக் கேட்பது நேரம் தின்னும் என்று கிளினிக் நாளில் தவிர்ப்பவர்களுக்கு இந்த ஒரு நிமிடத்தைச் சிபாரிசு செய்கிறேன். உறையில் 'புதன் மட்டும் – நான்கும் ஒன்றாக' என்று தமிழில் பெரிதாக எழுதினோம். நான்கு கிழமைக்கு மேல் மருந்து கொடுக்கவில்லை. வீட்டில் குளிசை எண்ணும் பொறுப்பை இளைய மகள் எடுத்துக்கொண்டாள்.

காய்ச்சல், வாய்ப்புண், மூச்சிரைப்பு, தொண்டை நோவு வந்தால் அந்தக் கிழமைக் குளிசையை எடுக்காமல் உடனே குருதி பார்க்க வேண்டும் என்றோம். மாரி காலத்தில் டெங்கு பரவும் இடத்தில் இது இன்னும் முக்கியம். டெங்கிலும் இந்த மருந்தின் நச்சு விளைவிலும் வெள்ளணுவும் குருதிச்சிறுதட்டும் குறையும், எதனால் குறைந்தது என்று குழப்பம் வரும். எந்த மருத்துவரிடம் போனாலும் கொப்பியைக் காட்ட வேண்டும், கோட்ரைமொக்சசோல் என்ற கிருமிகொல்லி தரப்பட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதையும் கொப்பியின் முன்னட்டையிலேயே எழுதினோம்.

குடி பற்றிய பேச்சு நீண்டது. சனிக்கிழமை கூலி நாள், சாராயமும் அன்றுதான். புதனுக்கும் சனிக்கும் இடைவெளி இருக்கிறதே என்பது அவருடைய வாதம். நாளைத் தெரிவு செய்ததன் இரகசியம் அப்போதுதான் விளங்கியது. ஈரலுக்குக் கிழமை நாட்கள் தெரியாது, சேர்த்துத்தான் கணக்கு வைக்கும் என்றோம். 'முற்றாக விடு' என்று சொல்லியிருந்தால் ஆமென்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆவணி வரை விடுவதாக அவராகவே சொன்னார். அதை எழுதிக்கொண்டோம்.

பத்தியம் விடயத்தில் நாங்கள் எடுத்ததைவிடக் கொடுத்ததே அதிகம். ஒன்பது வருடமாகக் கிரந்தி, அதாவது தோல் வருத்தத்தைக் கிளப்பும் உணவு, என்று இறால், நண்டு, கத்தரிக்காய், சூரை மீன் ஒன்றும் தொடாதிருந்தார். வாவிக்கரையில் வாழ்ந்துகொண்டு! இவற்றை விலக்கினால் சொரியாசிஸ் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடல் எடையும் குடியும் புகையும்தான் கணக்கில் வருபவை. எல்லாவற்றையும் சாப்பிடலாம் என்றதும் மனைவியின் கண் கலங்கியது. வீட்டில் மற்ற மூவரும் அவருக்காக அதே பத்தியத்தில் இருந்திருக்கிறார்கள். பரியாரியாரின் வெட்பாலை எண்ணெயை வெடிப்பில்லாத இடத்தில் பூசுவதைத் தடுக்கவில்லை. பெயரில்லாத தூளை மட்டும் நிறுத்தச் சொன்னோம். குளித்ததும் தேங்காய் எண்ணெய் தடவுவது அவருடைய பழைய வழக்கம். அதுவும் சிகிச்சைதான் என்று கொப்பியில் எழுதியபோது ஆச்சரியப்பட்டார்.

போக்கு

நாலாம் கிழமை: கண்ணுக்கு ஒரு மாற்றமும் இல்லை, கடி (அரிப்பு) மட்டும் குறைவு. முதல் மாதம் ஒன்றும் தெரியாது, முதலில் கடிதான் குறையும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் இதை மருந்து வேலை செய்யும் அடையாளமாக எடுத்துக்கொண்டார். சொல்லாதிருந்தால் இதே நிலை தோல்வியாகியிருக்கும். அளவு 15 மில்லிகிராமுக்கு உயர்ந்தது.

ஆறாம் கிழமை, வேலைத்தளத்தில் ஒருவர் வெள்ளைக் குளிசை அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார். அதைச் சட்டைப்பையில் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இதுதானே அது?" என்றார். அதுதான். எட்டாம் கிழமை பாசி 9.4. பத்தாம் கிழமை காய்ச்சல். புதன் குளிசையை நிறுத்தி, அருகிலிருந்த வைத்தியசாலையில் குருதி எண்ணிக்கை பார்த்து, சாதாரணம் என்றறிந்து அடுத்த புதன் தொடர்ந்திருக்கிறார். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லாமலே.

பன்னிரண்டாம் கிழமையில் எதிர்பாராத ஒரு முறைப்பாடு. தடிப்பு அடங்கிய இடங்களில் தோல் வெளிறியிருந்தது. வெண்குட்டமா என்று மனைவி பயந்தார். அழற்சி ஆறிய இடத்தில் நிறம் வெளிறியோ கருத்தோ சில மாதங்கள் நிற்கும், மெல்லத் திரும்பும். எங்களைப் போன்ற நிறத் தோலில் இது நன்றாகவே தெரியும். இதை முதல் நாளே சொல்லும் பட்டியலில் இப்போது சேர்த்திருக்கிறோம்.

பதினாறாம் கிழமை: பாசி 4.1. குறைவு 73 வீதம். நான்கில் மூன்று பங்கு என்ற கோட்டை அவர் தாண்டவில்லை. ஆய்வுக் கணக்கில் மருந்து கேட்காதவர்களின் பக்கத்தில்தான் அவருடைய பெயர் விழும். முழங்கையிலும் கெண்டைக்காலிலும் தடிப்பு அப்படியே. ஆனால் மார்பும் முதுகும் அடங்கியிருந்தன. வாழ்க்கைத் தர அளவு 19இலிருந்து 5. காவடிக்குப் பதிலாகப் பாற்குடம் எடுப்பதற்குக் கோயிலில் பேசி ஒப்புதல் வாங்கிக்கொண்டார். திருவிழாவின் ஐந்து நாளும் சட்டையில்லாமல் போய்வந்ததாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை மருந்து வென்றது. முதுகுக்கும் முழங்கைக்கும் எங்கள் அளவீடு தருகிற எடையும் அவர் தருகிற எடையும் வேறு வேறு. இரண்டையும் கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

திருவிழா முடிந்த கையோடு சிகிச்சையை விட்டுவிடுவார் என்று பயந்தோம். ஆகவே அந்த வருகையில் பேச்சை மீண்டும் தொடக்கத்திலிருந்து எடுத்தோம்: அடுத்து என்ன வேண்டும்? மகளின் கலியாணம், தை மாதத்துக்குப் பிறகு. தகப்பனுக்கு இருப்பதால் பிள்ளைக்கு வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? மரபுத் தொடர்பு உண்டு. ஆனாலும் பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. மறைக்கச் சொல்லவும் இல்லை, பறையடிக்கச் சொல்லவும் இல்லை. கேட்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிவரலாம் என்றோம். மாப்பிள்ளையின் தாய் வந்தார். அவருக்கும் அதே பஞ்சு நுனிப் பரிசோதனையைச் செய்துகாட்ட வேண்டியிருந்தது.

விரல் மூட்டு இன்னும் தீரவில்லை. வாதநோய்க் கிளினிக்கில் சொரியாசிஸ் மூட்டழற்சி என்று உறுதிசெய்தார்கள். சுத்தியலின் மேலிருந்த பழி நீங்கியது. தீபாவளிக்குப் பிறகு எடுத்த குருதியில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டீ. நொதி வழமையைவிடக் கூடி 71 காட்டியது. கேட்பதற்கு முன்பே, "மூன்று நாள், டொக்டர். மச்சான்மார் வந்திருந்தார்கள்" என்றார். குளிசை அளவை 10 மில்லிகிராமுக்கு இறக்கியிருக்கிறோம். நாலு கிழமையில் மீண்டும் குருதி பார்க்க வேண்டும். ஈரல் அளவு இறங்காவிட்டால் மெதொட்ரெக்ஸேட்டை நிறுத்தி வேறு வழி பார்க்க நேரிடும் என்பதும், அது கலியாணத்துக்கு முன்பே நடக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். அவரே அதைத் திரும்பச் சொன்னார், இம்முறை பிழையில்லாமல்.